மரத்தூளும் மூச்சுக்காற்றும்

முதல் சொட்டு அப்பாவின் நெற்றியில்தான் விழுந்தது. 2018 டிசம்பர். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள கருங்காட்டில், ஒரு கேம்பிங் மைதானத்தின் ஓரமாக என் வேன் நின்றுகொண்டிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. உள்ளே டீசல் ஹீட்டர் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்.

"எய்யா, வெளிய மழையா?"

"இல்லப்பா, பனிதான் கொட்டுது."

"அப்போ உள்ள எப்படிச் சொட்டுது?"

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கூரைப் பலகையை வேனின் இரும்புச் சட்டத்தோடு பிணைத்த ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. வரிசை பிசகாமல், யாரோ உட்கார்ந்து கோத்த மாதிரி. பின்கதவின் உள்பக்கம் நீர் கோடு கோடாக வழிந்து, அடியில் மெல்லிய ஐஸாக உறைந்திருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து ஒரு துளியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஐஸ் ரூம் கதவு மாதிரில்லா வேர்க்குது" என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அம்மா போன மறுவருடம் அது. "ஆயுசு பூரா ஐஸ்ல நின்னாச்சு. அது வானத்துல இருந்து விழுறத ஒருதடவ பாக்கணும்" என்று எப்போதோ விளையாட்டாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவரை வரவழைத்திருந்தேன். அதற்காகத்தான் வேனையும் கட்டினேன். பார்சல் ஏற்றிக்கொண்டு அலைந்த பழைய வேன். பின்பக்கம் வெறும் தகரக் கூடு. கோடை முழுக்க வாரக்கடைசிகளில் உட்கார்ந்து அதை வீடாக்கினேன். தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சை இண்டு இடுக்கு விடாமல் திணித்தேன். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளையும் ஒட்டினேன். வீட்டுச் சுவருக்கு அப்படித்தான் செய்கிறார்கள், வேனுக்கு மட்டும் வேறு நியாயமா என்ற எண்ணம். குளிர் கொஞ்சமும் உள்ளே வரக்கூடாது என்று கூரையில் இருந்த காற்றுத் திறப்பையும் பழைய போர்வையால் அடைத்துவிட்டேன். அதே வேனுக்குள் கேஸ் அடுப்பில் சுக்குக் காப்பி வேறு போட்டோம். காற்று வராத இடத்தில் கேஸ் எரிப்பது உயிருக்கே உலை என்று தெரிந்திருந்தும், குளிருக்குப் பயந்து செய்த காரியம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த இரவுக்குப் பிறகு அப்பாவுக்கு இருமல் தொடங்கியது, பிறகு இழுப்பு. இரண்டு வாரம் முன்னதாகவே ஊர் திரும்பினார். மார்ச் மாதம் நான் வேனின் உள்பலகைகளைக் கழற்றினேன். பஞ்சு, பிழியாமல் எடுத்த துணி மாதிரி கனத்தது. பலகையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம். தகரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு. வெளியிலிருந்து ஒரு பொட்டு மழை உள்ளே வரவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் சோதித்துவிட்டேன். அவ்வளவு தண்ணீரும் எங்கள் இரண்டு பேரின் மூச்சும் கேஸ் அடுப்பும் கொடுத்தது.

எங்கே பிசகினேன் என்று தேடத் தொடங்கியவன், இருநூறு வருடத்துக்கு மேல் பின்னால் போய் நின்றேன்.

*

வெப்பத்தைத் தடுப்பது எது என்பதை முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் தாம்ஸன். 1753இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் பிறந்தவர். விடுதலைப் போரில் ஆங்கிலேய அரசர் பக்கம் நின்று, அவர்களுக்கு உளவும் சொல்லி, பிறகு ஊரை விட்டுப் போனவர். பவேரியாவில் ராணுவத்தைச் சீர்திருத்தும் வேலை கிடைத்தது. இன்று மியூனிக்கில் மக்கள் வெயில் காயும் ஆங்கிலத் தோட்டம் அவர் ஏற்பாட்டில் 1789இல் உருவானது. ரம்ஃபோர்ட் பிரபு என்ற பட்டம் பிறகு வந்தது.

சிப்பாய்களுக்கு எந்தத் துணியில் சட்டை தைத்தால் குளிர் தாங்கும்? இதுதான் அவருடைய கேள்வி. ஒரு வெப்பமானியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, நடுவில் உள்ள வெற்றிடத்தில் ஒவ்வொரு பொருளையும் ஒரே எடைக்கு நிரப்பினார். கொதிநீரில் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் இறக்கி, குறிப்பிட்ட அளவு குளிர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினார். வெறும் காற்று மட்டும் இருந்தபோது 576 விநாடி. பருத்தி 1046. ஆட்டு ரோமம் 1118. முயல் ரோமம் 1315. 1792இல் இந்த ஆய்வுகள் வெளிவந்தன; அதே வருடம் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் கிடைத்தது.

அவர் கண்டது இதைத்தான்: குளிரைத் தடுப்பது ரோமம் அல்ல, ரோமத்துக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. ரோமத்தின் வேலை காற்றை ஓடவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான். காற்று வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று அவர் ஒரு படி மேலே போய்ச் சொன்னது தவறு. ஆனால் அடிப்படை சரி. இன்றைய கணக்கில் அசையாத காற்றின் வெப்பக் கடத்தல் எண் சுமார் 0.025, கண்ணாடிப் பஞ்சு 0.04ஐ ஒட்டி, இரும்பு 50. கண்ணாடிப் பஞ்சை விட இரும்பு ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. வேன் என்பது ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு உட்பட்ட இரும்புத் தகடு. வெளியே என்ன குளிரோ, அது உள்பக்கத்திலும் அப்படியே நிற்கும்.

இதுவரை எனக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போனது அடுத்த ஆள் சொன்னது.

வில்லியம் சார்லஸ் வெல்ஸ் லண்டனில் மருத்துவர். இவரும் அமெரிக்காவில், சார்ல்ஸ்டனில் பிறந்து, அதே போரில் அரசர் பக்கம் நின்றவர். பனி எங்கிருந்து வருகிறது என்பது இவருடைய கேள்வி. இங்கே பனி என்று நான் சொல்வது மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதை. தமிழில் அதுவும் பனி, கருங்காட்டில் கொட்டியதும் பனி. அந்தக் காலத்தில் பலர் அது வானத்திலிருந்து விழுகிறது என்றார்கள். சிலர் மண்ணிலிருந்து எழுகிறது என்றார்கள். வெல்ஸ் என்ன செய்தார் என்றால், ஆட்டு ரோமத்தைப் பத்து கிரெய்ன் எடைக்குச் சிறு பொதிகளாகக் கட்டி, சர்ரேயில் ஒரு தோட்டத்தில் இரவில் அங்கங்கே வைத்து, திரும்ப எடைபோட்டார். எவ்வளவு கனம் கூடியிருக்கிறதோ அவ்வளவு பனி. பனி விழுவதுமில்லை, எழுவதுமில்லை என்று தெளிந்தார். இரவில் திறந்த வானத்துக்குத் தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துபோகும் பொருளின் மேல், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஈரம் நீராகப் படிகிறது. மோர்ச் செம்பு வேர்ப்பதற்கும் அதே காரணம். 1814இல் அந்த நூல் வெளிவந்தது.

அதே வருடம் அதற்கு ராயல் சொசைட்டி ஒரு பதக்கம் கொடுத்தது. அதன் பெயர் ரம்ஃபோர்ட் பதக்கம். ரம்ஃபோர்ட் தானே பணம் கொடுத்து ஏற்படுத்தியது. அந்த ஆண்டுதான் அவர் இறந்தும் போனார். அசையாத காற்று குளிரைத் தடுக்கும் என்று சொன்னவரின் பெயரால், குளிர்ந்த பொருள்மேல் ஈரம் இறங்கும் என்று சொன்னவருக்குப் பதக்கம். கையில் ரோமப் பொதியை வைத்துக்கொண்டுதான் இருவருமே வேலை செய்தார்கள். இரண்டு உண்மைகளும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. ஆனால் அவை ஒரே சுவருக்குள் சந்திக்க இன்னும் நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆனது.

வெல்ஸ் தன் நூலில் வங்காளத்தைப் பற்றியும் பேசுகிறார். அங்கே தண்ணீர் உறையாத குளிரிலேயே ஐஸ் எடுத்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் அதை விவரித்து எழுதியிருந்தார். இரண்டடி ஆழத்தில் அகலமான குழி வெட்டி, அடியில் உலர்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ எட்டங்குலம் முதல் ஓரடி வரை பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் தண்ணீர் வைப்பார்கள். விடியும் முன் ஐஸ் திரளும். மேலே திறந்த வானம் சூட்டை வாங்கிக்கொள்ள, கீழே தட்டை மண்ணின் சூடு ஏறாமல் மறித்துக்கொள்ளும். தட்டையும் வைக்கோலும் காய்ந்தே இருக்க வேண்டும், நனைந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்பினார்கள் என்பதை வெல்ஸ் முக்கியமான சான்றாக எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்த அன்றைக்கு அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் சிரித்தார். "அத எழுதி வேற வச்சிருக்கானா? நனஞ்ச தூளு தூளே இல்லய்யா. ஐஸ் பார் மேல போட்ட மரத்தூளு ஈரமாயிட்டா அள்ளி வெளிய போட்டு வெயில்ல காய வைப்போம். உமின்னாலும் அதேதான். ஈரத்தூளு ஐஸக் காப்பாத்தாது, திங்கும்."

சரிதான். பஞ்சோ தூளோ, அதன் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கும்வரைதான் வேலை செய்யும். அங்கே தண்ணீர் புகுந்தால் போச்சு. தண்ணீர், காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

*

மரத்தூளுக்கு உலக வரலாற்றில் ஒரு இடம் உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் டியூடர் 1806இல் நியூ இங்கிலாந்துக் குளத்து ஐஸைக் கப்பலில் ஏற்றி மார்டினீக் தீவுக்குக் கொண்டுபோனபோது ஊரே கேலி செய்தது. 1833இல் அவருடைய 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பி, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவில் ஏறக்குறைய 100 டன்னை இறக்கியது. மெய்ன் மாநிலத்து மர ஆலைகளில் கழிவாகக் கிடந்த தூள், இந்த வியாபாரத்தால் காசுக்குப் போகும் சரக்கானது.

சென்னை மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் அந்த ஐஸை வைக்கக் கட்டியதுதான். ஐஸ் வைக்கும் கிடங்குக்கு ஜன்னல் ஆகாது. பிறகு இயந்திர ஐஸ் வந்து வியாபாரம் படுத்துவிட, பிலிகிரி அய்யங்கார் அந்தக் கட்டடத்தை வாங்கினார். மனிதர்கள் குடியிருப்பதற்காக அவர் செய்த முக்கியமான மாற்றம், சுற்றிலும் தாழ்வாரம் எடுத்து ஜன்னல்கள் வைத்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஐஸுக்குக் கட்டிய வீட்டில் ஆள் இருக்க வேண்டுமானால் முதலில் ஜன்னல் வைக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. நான் செய்தது நேர் எதிர். ஆள் தூங்கும் வீட்டை ஐஸ் கிடங்கு மாதிரி அடைத்துவிட்டேன்.

*

நகரும் வீடுகளும் தொடக்கத்தில் இப்படி அடைத்தவை அல்ல. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், பிரிஸ்டலில் மரத்தால் ஒரு குதிரை வண்டி செய்யச் சொல்லி, அதில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனார். பிழைப்புக்காக அல்லாமல் உல்லாசத்துக்காகக் கட்டிய முதல் வண்டிவீடு என்று அதைச் சொல்வார்கள். மரம் தானாகவே கொஞ்சம் வெப்பம் காக்கும், கொஞ்சம் ஈரம் குடிக்கும். பலகை இடுக்குகளில் காற்று போய்வரும். சிக்கல், சுவர் உலோகமானபோது வந்தது. 1936இல் அமெரிக்காவில் வாலி பயம் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், ரிவெட் அடித்த அலுமினியக் கூடு. அதில் இன்சுலேஷனும் இருந்தது, காற்றோட்ட ஏற்பாடும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் ஏற்றி இறக்கக்கூடிய 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. வாரநாளில் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை வீடு. தாங்களே வேனை வீடாக்கிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களின் ஆசைக்கு அதுதான் பாட்டன்.

இதற்குள் கண்ணாடிப் பஞ்சும் வந்துவிட்டது. 1932இல் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் க்ளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு அது நூல் நூலாகப் பறந்தது. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவாகி அதைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. ரம்ஃபோர்டின் முயல் ரோமம் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரிதான்.

அமெரிக்க வீடுகளின் மரச்சுவர்களுக்குள் இப்படிப்பட்ட இன்சுலேஷனை நிரப்பிய சில குளிர்காலங்களில் ஒரு விநோதம் நடந்தது. வெளிச்சுவரின் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பெயின்டர்கள் சிலர், இன்சுலேஷன் போட்ட வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டோம் என்றார்கள். இன்சுலேஷன் தண்ணீரை இழுக்கிறது என்பது அவர்கள் கட்சி. கட்டடக் கலைஞர்களும் விற்பனையாளர்களும் அதை ஏற்கவில்லை. பெயின்டர்கள் காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்கள், கண்டதைத் தவறாகச் சொல்லவில்லை. விஸ்கான்ஸினில் மேடிஸன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் டீஸ்டேல், மினஸோட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் ரௌலி, கட்டடக்கலை இதழில் டைலர் ஸ்டூவர்ட் ராஜர்ஸ் என்று 1937, 38 வாக்கில் பலர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பஞ்சு உள்ளே இருந்து சூட்டை வெளியே விடாததால், பஞ்சுக்கு அப்பால் உள்ள பலகை முன்னைவிடக் குளிர்ந்துபோகிறது. வீட்டுக்குள்ளிருக்கும் நீராவி பஞ்சின் ஊடாகப் போய், அந்தக் குளிர்ந்த பலகையில் பனியாகப் படிகிறது. வெல்ஸின் தோட்டம் சுவருக்குள் வந்துவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, சூடான பக்கத்தில் நீராவியைத் தடுக்கும் ஒரு தாள்.

அந்தத் தாளைத்தான் நானும் ஒட்டினேன். வீட்டுக்குப் பொருந்தியது வேனுக்கு ஏன் பொருந்தவில்லை?

வீட்டின் வெளிப்பலகை வழியாகத் தவறிப் போன ஈரம் கோடையில் கொஞ்சமாவது வெளியேறும். வேனின் வெளிச்சுவர் இரும்பு. உள்ளே போன ஈரம் அங்கிருந்து வெளியே போக வழியே கிடையாது. தாளிலோ, உள்பலகையைப் பொருத்த நானே நூற்றுக்கணக்கான திருகு முடுக்கி ஓட்டை போட்டிருந்தேன். போதாததற்கு அந்தத் திருகுகள் வெளித்தகட்டின் குளிரை நேராகக் கூரைக்கு உள்ளே கொண்டுவந்தன. அப்பாவின் நெற்றிக்கு மேலே தொங்கியது அதுதான்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. என் வேனின் உள்ளளவு பத்து கனமீட்டர். ஆக, காற்று முழுதும் நிறைந்தாலும் 170 கிராம்தான். தூங்கும் ஓர் ஆள் மூச்சிலும் வேர்வையிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 600 கிராமுக்கு மேல். கேஸ் அடுப்பு தனி. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். இவ்வளவும் எங்கே போகும்? எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே.

*

2019 கோடையில் வேனை மறுபடி கட்டினேன். துருவைச் சுரண்டி, பூச்சு அடித்து, இந்தத் தடவை ரப்பர் நுரைப் பாய்களைத் தகட்டின்மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டினேன். சட்டங்களையும் விடவில்லை. இந்த நுரையில் ஒவ்வொரு காற்றுக் குமிழும் தனித்தனியாக மூடிய அறை. ஈரம் நுழைய வழியில்லை. தகட்டைத் தொடவும் முடியாது.

இந்த மூடிய அறைகளை மனிதர் முதலில் கண்டது தக்கையில். 1665இல் ராபர்ட் ஹூக் ஒரு சீவல் தக்கையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் இருந்த அறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்டார். ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கும் சொன்னார். இரும்புத் தகட்டுக்குள் நான் ஒட்டிய வகை நுரைக்குத் தக்கையோடு ரத்த உறவே உண்டு. 1860இல் பிட்ஸ்பர்கில் பாட்டில் தக்கை வெட்டும் கடையாகத் தொடங்கிய ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்திலிருந்துதான் ஆர்மாஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் நுரை வந்தது.

நுரை ஒட்டியதோடு விஷயம் தீரவில்லை. நுரை ஈரத்தைத் தகட்டுக்குப் போகவிடாமல் மறிக்கும், அவ்வளவுதான். 600 கிராம் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. அதை வெளியே அனுப்பக் கூரைத் திறப்பில் இருந்த போர்வையை எடுத்தேன். கீழே கதவோரம் இன்னொரு சிறு திறப்பு. குளிர்ந்த காற்று உள்ளே வரும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், அது மூச்சின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலே போகும். கொஞ்சம் டீசல் கூடச் செலவாகும். அதை நஷ்டமாக நினைத்ததுதான் என் முதல் தவறு.

அப்பாவுக்கு இப்போது விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்ற ஜனவரியில் அதே மைதானத்தில், அதே மூலையில் வேனை நிறுத்திவிட்டு வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன். ஃபோனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மேல காட்டு" என்றார்.

கூரையைக் காட்டினேன்.

"திருகாணியக் கிட்டக் கொண்டுபோ."

கிட்டே கொண்டுபோனேன். காய்ந்து கிடந்தது.

"திறந்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேம்ப்பா. ரெண்டு விரக்கட அளவு."

"அது போதும்" என்றார். "நல்லாப் போத்திக்கிட்டுப் படு."